முதல் "வேண்டாம்" கணக்கில்லை

வக்கீலெண்டால் வாதாடுவார், டொக்டரெண்டால் ஊசி போடுவார். மானிடவியல் படிச்சவள் மட்டும் எதைக் கேட்டாலும் "அது ஆளையும் இடத்தையும் பொறுத்தது" எண்டு சொல்லியே காலத்தை ஓட்டிப்போடுவாள். நானும் அப்பிடித்தான் ஓட்டினனான். இப்ப பென்சன், மூண்டு பேரப்பிள்ளையள், ஒரு முழங்கால் வேலை செய்யாது. ஆனாலும் ஒஸ்லோவில அகதி வழக்கு ஏதும் வந்தால், "உங்கட ஆக்கள் உண்மையா இப்பிடித்தானோ?" எண்டு கேக்க இன்னும் என்னைத்தான் கூப்பிடுகினம். வேலையிடத்திலயோ, பள்ளிக்கூடப் பெற்றார் கூட்டத்திலயோ எங்கட ஆக்களை நோர்வேக்காரருக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டுக் களைச்சுப்போன சனமே, இது உங்களுக்குத்தான்.

ஒரு கேள்வி

நிரோசன் எண்டு ஒரு வக்கீல். இஞ்சையே பிறந்த பெடியன். வாதாடுறது நோர்வேஜியனில, கோவிக்கிறது மட்டும் தமிழில. போன வருசம் போன் எடுத்து மலரின்ர வழக்கைச் சொன்னான். முப்பத்தஞ்சு வயசு, யாழ்ப்பாணப் பக்கம். காணாமல் போன தமையனை விசாரிச்சுத் திரிஞ்சதால வீட்டுக்கு ஆக்கள் வந்து வெருட்டினவை. இதை இஞ்சை வந்து முதல் விசாரணையில சொல்லியிருக்கிறாள். பிறகு ஒருக்கால் அவளையே ஏத்திக்கொண்டுபோய் ரெண்டு நாள் அடைச்சு வைச்சிருந்தவை. அதைச் சொல்லேல்லை. "வேற ஏதும் சொல்ல இருக்கோ?" எண்டு கடைசியாக் கேக்க, "இல்லை" எண்டிட்டாள். கனநாள் கழிச்சு வக்கீலுக்குத்தான் சொன்னவள். முதலே சொல்லாதபடியா இது பிறகு கட்டின கதை எண்டு குடிவரவு அதிகாரியள் மறுத்துப்போட்டினம். அதை எதிர்த்துப் போட்ட இந்த வழக்கும் தோத்தால் திருப்பி அனுப்பிப்போடுவினம்.

"எங்கட ஆக்கள் இல்லை எண்டு சொன்னால் அது இல்லைதானோ?" எண்டு கேட்டான். நான் ஒரு மூச்செடுத்து, "தம்பி, அது ஆளையும் இடத்தையும்..." எண்டு தொடங்கினன். முடிக்க விடேல்லை. "அன்ரி, நீதிபதிக்கு முன்னால மட்டும் அந்த வசனத்தைச் சொல்லிப்போடாதேங்கோ, உங்கட காலைப் பிடிக்கிறன், வேலை செய்யாத காலையும் சேர்த்து!"

சாப்பாட்டுப் பெட்டி

மலரை என்ர வீட்டுக்கே வரச்சொன்னனான். ஹவுகெட்டோ ஸ்ரேசனில இருந்து மழைக்குள்ள நடந்து, நனைஞ்ச கோழி மாதிரி வந்து நிண்டாள். "தேத்தண்ணி குடிக்கிறியோ பிள்ளை?" "வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சனான்." எங்கை குடிச்சவள், ரயிலுக்குள்ளயோ? ரெண்டாம் தரம் கேட்டன். "கரைச்சல்படாதேங்கோ." மூண்டாம் தரம் கேக்காமல் கொண்டுவந்து வைச்சன். கோப்பை ரெண்டு நிமிசத்தில காலி.

அந்த ரெண்டு நாளைப் பற்றி ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேட்டன். பயம் எண்டு சொல்லுவாள், வெக்கம் எண்டு சொல்லுவாள் எண்டு பேனையோட இருந்தனான். படிச்சவைக்கு எப்பவும் பெரிய காரணம்தான் வேணும். அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாள்: "விசாரணையில நான் சொன்னதை எழுதின அந்தப் பிள்ளை பாவம் அன்ரி, நாலு மணித்தியாலமா தட்டிக்கொண்டே இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி மேசையில திறக்காமலே கிடந்தது, நான் இன்னும் கதைச்சால் அது எப்ப சாப்பிடுறது?"

அப்பிள்

இதைக் கேட்டவுடன எனக்குத் துரொண்ட்ஹெய்ம் ஞாபகம் வந்திட்டுது. நான் படிக்க வந்து அங்கை ஒரு வயசுபோன மனுசி வீட்டில அறை எடுத்து இருந்தனான். அந்த அறையைப் பற்றியே ஒரு கதை இருக்கு, யன்னல் பூட்டாது, பனி கட்டிலுக்கு வரும். அது கிடக்கட்டும். முதல் கிழமை மனுசி கிறீம் போட்ட கேக் செய்து, "சாப்பிடுறியோ?" எண்டு கேட்டவா. நான் அடக்கமா "வேண்டாம்" எண்டனான். மனுசி "சரி" எண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. திரும்பி வருவா, வருவா எண்டு கதவைப் பாத்துக்கொண்டு இருந்தன். கேக் வரேல்லை, சனமே.

எனக்கு இனிப்பே பிடிக்காது எண்டு மனுசி தன்ர தெருவுக்கெல்லாம் சொல்லிப்போட்டா. நாலு வருசமா ஆரின்ர பிறந்தநாளெண்டாலும் எல்லாருக்கும் கேக், எனக்கு மட்டும் ஒரு தட்டில அப்பிள். வீட்டை விட்டு வெளிக்கிடுற அண்டைக்கும் கையில ஒரு பையைத் தந்து, கண் கலங்கிச் சொன்னவா: "வழியில சாப்பிடு, உனக்குக் கேக் பிடிக்காதெண்டதை நான் ஒருநாளும் மறக்கேல்லை."

ரெண்டா, மூணா

நீதிமன்றத்துக்குக் குடுக்கிற அறிக்கையில "எல்லாத் தமிழரும் மூண்டு தரம் கேக்கிறதை எதிர்பாப்பினம்" எண்டு எழுதியாச்சு. பிறகு மனச்சாட்சி குத்திச்சுது. பக்கத்து வீட்டில காயத்ரி எண்டு கோயம்புத்தூர்ப் பிள்ளை, இஞ்சை மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்யுது. ஸ்ட்ரோம்மனில கடைக்குப் போனநேரம், கோப்பி வேணுமோ எண்டு அவளைச் சோதிச்சுப் பாத்தன். முதல்தரம், "ஐயோ, எதுக்கு ஆன்ட்டி." ரெண்டாம் தரம், "சரி, சின்ன கப்." மூண்டாம் தரம் வேணுமெண்டே கேட்டன். அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள்.

விசயத்தைச் சொல்லி, உங்கட பக்கம் எத்தினை தரம் எண்டு கேட்டன். "எங்க ஊர்ல ரெண்டு தடவதான் ஆன்ட்டி, மூணாவது தடவ கேட்டா அதுல என்னத்தக் கலந்திருக்காங்களோன்னு தோணும்!" நான் வீட்டை வந்து முதல் வேலையா அறிக்கையில இருந்த "எல்லாத் தமிழரும்" எண்டதை வெட்டினனான்.

நிரோசனுக்குச் சொல்ல, அவன் பெருமூச்சு விட்டான்: "நல்லகாலம் அன்ரி, உங்களுக்கு ஒரு பக்கத்து வீடுதான் இருக்கு!"

கறுவாப் பணிஸ்

வழக்கு நாள். பதட்டத்தில காலமை ஒண்டும் சாப்பிடேல்லை. நீதிமன்ற மண்டபத்துக்கு வெளியில மர வாங்கில இருக்கேக்க, அரசாங்க வக்கீல் மரியாதையான மனிசன், கையில இருந்த பேக்கரிப் பையை நீட்டி, "ரெண்டு கறுவாப் பணிஸ் இருக்கு, எடுங்கோவன்" எண்டார். எதிர்ப்பக்கத்து வக்கீல் எல்லோ. "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்" எண்டன். அவர் என்ர கண்ணுக்கு முன்னாலயே ரெண்டையும் சாப்பிட்டு முடிச்சார்.

உள்ளுக்குப் போய், அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக் கதையையும் சேர்த்துச் சாட்சி சொன்னன். எங்கட பக்கத்தில கனபேர் முதல் கேள்விக்கு ஓம் எண்டு சொல்லமாட்டினம், மூண்டு தரம் கேக்கவேணும், ஓம் எண்டால் அது மற்றவைக்குக் கரைச்சல் குடுக்கிற மாதிரி எண்டு. அரசாங்க வக்கீல் எழும்பி நல்ல கேள்விதான் கேட்டார்: "அப்ப ஆர் இல்லை எண்டு சொன்னாலும் நாங்கள் நம்பக்கூடாதோ?" அப்பிடியில்லை எண்டன். தொடாதை எண்டால் தொடக்கூடாது, போகமாட்டன் எண்டால் இழுக்கக்கூடாது. சாப்பாடு, உதவி, தன்ர கஸ்ரத்தைச் சொல்லுறது, இந்த மூண்டிலயும்தான் திருப்பிக் கேக்கவேணும். அந்தநேரம் பாத்து என்ர வயிறு கத்திச்சுது. சின்னச் சத்தமில்லை, டிராக்டர் ஸ்ராட் பண்ணின மாதிரி.

நீதிபதி, வெள்ளைத் தலைமயிர் அம்மா, கண்ணாடியைக் கழட்டினா. "இடைவேளை விடுவமோ? நிபுணருக்குப் பசிக்குதோ?" சனமே, நான் சத்தியமா யோசிக்கேல்லை, வாய் தானாச் சொல்லிச்சுது: "இல்லை, வேண்டாம்." நீதிபதி குனிஞ்சு எதையோ எழுதினா. அரசாங்க வக்கீல் தன்ர வெறும் பையைப் பாத்துச் சொன்னார்: "காலமை நான் இன்னும் ரெண்டு தரம் கேட்டிருக்கவேணும்."

மூண்டாம் தரம்

கடைசியா நீதிபதி மலரைப் பாத்தா. "வேற ஏதும் சொல்ல இருக்கோ?" மொழிபெயர்ப்பாளர் தமிழில கேட்டார். "இல்லை, எல்லாம் சொல்லிப்போட்டன்." நிரோசன் தலையில கை வைச்சான். நீதிபதி விடேல்லை. "அந்த ரெண்டு நாளைப் பற்றி?" "வேண்டாம் அம்மா, உங்களுக்கும் நேரமாகுது." இதையும் மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். நீதிபதி தன்ர மணிக்கூட்டைக் கழட்டி மேசையில கவிட்டு வைச்சா. பிறகு சொன்னா: "நான் சாப்பிட்டிட்டன், எனக்கு நேரம் இருக்கு, இது மூண்டாம் தரம் கேக்கிறன்."

மலர் முக்கால் மணித்தியாலம் கதைச்சாள். என்ன சொன்னவள் எண்டதை நான் இஞ்சை எழுதேல்லை, அது அவளின்ர கதை. அரசாங்க வக்கீலுக்குக் கேள்வி கேக்க நேரம் குடுத்தவை. அவர் எழும்பி, இருந்து, பிறகும் எழும்பிச் சொன்னது இதுதான்: "என்னட்டைக் கேள்வி இல்லை, மூண்டு தரம் கேட்டாலும் இல்லை."

ரெண்டு சீனி

சில கிழமையால தீர்ப்பு வந்துது. மறுத்தது பிழையாம், செல்லாதாம். நிரோசன் போனில நோர்வேஜியனிலயும் தமிழிலயும் சேர்த்து அழுதான். அடுத்த ஞாயிறு மலர் வந்தாள். மழை இல்லை, தலை காய்ஞ்சிருந்துது. வழக்கப்படி மூண்டு தரம் கேக்கிறதுக்கு ஆயத்தமா நிண்டுகொண்டு, "தேத்தண்ணி குடிக்கிறியோ பிள்ளை?" எண்டு முதல்தரம் கேட்டன். கதிரையில இருக்கக்கூட இல்லை, செருப்பைக் கழட்டிக்கொண்டே சொன்னாள்: "ஓம் அன்ரி, ரெண்டு சீனி போடுங்கோ."

நான் நீதிமன்றத்தில சத்தியம் செய்து நிறுவின வழக்கத்தை ஒரு தேத்தண்ணியில பொய்யாக்கிப்போட்டு, பிஸ்கட் பெட்டியைக் கேக்காமலே தன்ர பக்கம் இழுத்தாள்.