ஏணிக்கு ஒரு கால் குட்டை

எங்கள் கடை ஏணிக்கு ஒரு கால் குட்டை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நைனா வைத்திருந்த பித்தளைப் பாத்திரக் கடை அது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சொம்பும் டம்ளரும் கீழே, குடமும் அண்டாவும் மேலே என்று அலமாரி கூரை வரை போகும். ஏணி இல்லாமல் மேல் தட்டு எட்டாது. ஆகவே அந்த ஏணிக்குக் கடையில் இருந்த மரியாதை எங்களில் பலருக்குக் கிடையாது.

அதற்கென்று நைனா சட்டமே போட்டிருந்தார். குட்டைக் காலுக்கு அடியில் ஒரு கட்டைத் துண்டைச் செருகாமல் யாரும் ஏறக்கூடாது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே நின்று இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவருக்கு மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்கட்டும். ஏறுகிறவர் ஒரு கையால் பாத்திரத்தை எடுத்தால் மறு கை ஏணியை விடக்கூடாது.

இவ்வளவும் சித்தப்பாவால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடிக்க ஆளில்லாதபோது ஏறி, குடத்தோடு இறங்கிவிட்டார், ஏணியின் உதவி இல்லாமலே. கால் முறிந்து, கட்டுப் போட்டு, மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பிறகு நன்றாகத்தான் நடந்தார். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவருக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது என்று கிளப்பிவிட்டார்கள். பெண் கொடுக்க வந்த இரண்டு இடத்தார் அந்தப் பேச்சைக் கேட்டே திரும்பிப் போனார்கள். அம்மாதான் அவருக்காக வேண்டாத சாமி இல்லை.

பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் புறப்படுகிற நாள். எனக்கு ஏழு வயது. கடையாள் வாசலில் நீர்மோர் ஊற்றப் போய்விட்டதால் ஏணி பிடிக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. கட்டையை நானே செருகினேன். கலெக்டர் வேலை கொடுத்திருந்தால்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டேன்.

அப்போது தேனாம்பேட்டையிலிருந்து ஓர் அம்மாளும் அவள் புருஷனும் வந்தார்கள். அம்மாள் மேல் தட்டுக் குடம் ஒன்றைக் காட்டச் சொன்னாள். சித்தப்பா ஏறி எடுத்து வந்தார். அது வேண்டாம், பக்கத்தில் இருப்பதைக் காட்டுங்கள் என்றாள். மறுபடி ஏறினார். அவர்களுக்குக் குடமே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். நைனாவுக்கே அது தெரியாதபோது எனக்கு எங்கே தெரியப்போகிறது? சித்தப்பாவின் வேட்டியோ கணுக்கால் வரை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் மூன்றாம் முறை ஏறியதும் அம்மாள் என்னிடம் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, காலு ரெண்டும் சமமா கீதா?"

ஏணி பிடிக்கிறவளிடம் ஏணியைப் பற்றித்தானே கேட்பார்கள்? "ஒரு காலு குட்டை" என்றேன்.

"கீழ வுழுந்ததுலேர்ந்தா?"

"இல்ல, வரும்போதே அப்டித்தான். அடியில கட்டை குடுத்துதான் நிக்க வெப்போம்."

அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு கரிசனமாகக் கேட்கிறாளே என்று நான் இன்னும் கொஞ்சம் சொன்னேன். "கடை மூடும்போது மூலையில சாத்தி வெச்சிடுவோம்."

"வாங்க, போலாம்" என்று அவள் புருஷனைக் கிளப்பினாள்.

அவர்கள் படியிறங்குவதற்குள் தெரு அடைத்துக்கொண்டது. நாகஸ்வரமும் மேளமும் முழங்க, சாமி எங்கள் கடைக்கு நேராக வந்து நின்றது. நைனா எழுந்து கும்பிட்டார். கடையாள் மோர்க் குவளையை வைத்துவிட்டுக் கும்பிட்டான். நானும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். மேலே சித்தப்பாவும் குடத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு, தெருப் பக்கம் திரும்பி, இரு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். சாமி வந்தால் என்ன செய்வது என்று நைனா சட்டத்தில் சொல்லி வைக்கவில்லை. ஏணி சரிந்தது.

சித்தப்பா தட்டைப் பிடித்துத் தொங்கினார். தட்டு சாய்ந்தது. அவர் குதித்துத் தரையில் நின்றார். இரண்டு குடங்கள் கணகணவென்று மேளத்தோடு போட்டி போட்டுக்கொண்டு படியில் உருண்டு தெருவுக்கே போய்விட்டன. சாமிக்கு முன்னால் போய் உருண்டால் நன்றாகவா இருக்கும்? சித்தப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால் தெரிய, கூட்டத்தில் புகுந்து ஓடினார். கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தார்.

தேனாம்பேட்டை அம்மாள் சாமியைப் பார்க்கவில்லை, அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாமா ஓட்றாரு! காலு ரெண்டும் நல்லாத்தானே கீது" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடி, குட்டைன்னு சொன்னே?"

நான் கீழே கிடந்த ஏணியையும் அதன் பக்கத்தில் கிடந்த கட்டைத் துண்டையும் காட்டினேன். அவள் புருஷன்தான் முதலில் சிரித்தார். சிரித்து முடித்து, வந்த விஷயத்தை நைனாவிடம் சொன்னார். அம்மாவைக் கூட்டிவர ஆள் ஓடிற்று. சித்தப்பா முகமெல்லாம் சிவந்து, குடங்களை இறக்கி வைக்கவும் மறந்து நின்றார்.

அந்த அம்மாள் மடியிலிருந்து கற்கண்டை எடுத்து என் வாயில் போட்டாள். "இந்தக் கொழந்த கையை வுட்டதாலதான் எங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை கெடைச்சாரு" என்றாள். நைனா என் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா ஒரு தூக்குப் பாத்திரத்துக்காக ஏறினார். இரண்டே படிதான். நான் கட்டையைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்து, அவர் சரியாக நின்றுகொண்டார் என்று பார்த்த பிறகு இரண்டு கையையும் விட்டுவிட்டேன்.

பாத்திரங்களைச் சுற்றி வந்த வைக்கோல் குவியல் மேல் விழுந்ததால் சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முதுகில்தான் நைனாவின் கை பலமாக விழுந்தது. நான் அழுதுகொண்டே வாசலைப் பார்த்தேன். தேனாம்பேட்டையிலிருந்து யாரும் வரக் காணோம். நேற்றுக் கற்கண்டு வாங்கிக் கொடுத்த அதே காரியத்துக்கு இன்றைக்கு ஏன் அடி கிடைக்கிறது என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.