கசிவைப் பொறுக்காத பிளம்பர்

பிளம்பருக்குக் கசிவு என்றால் ஆகவே ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில் குழாய் சொட்டினால் சோறு இறங்காது. பாதியில் எழுந்து ஸ்பேனர் கேட்கிற ரகம்.

அப்படிப்பட்டவர் வீட்டின் பின்புறத்தில்தான், கறியைப் புகையில் வேகவைக்கும் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று கதவிடுக்கெல்லாம் புகை கக்கிக்கொண்டு நின்றது. புகைபோக்கி என்னவோ கூரைக்கு மேலே போகிறது. தொல்லையெல்லாம் அந்தக் கதவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் புகை, மாடியில் குடியிருக்கும் அவருடைய கூடப்பிறந்த அக்கா துவைத்துப் போட்டிருந்த வெள்ளை விரிப்புகளைக் கரித்துணியாக்கிவிட்டது. கேட்க வந்தவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். "காத்து அந்தப் பக்கம் அடிச்சா நான் என்ன பண்றது" என்று வாயை விட்டார். பேச்சு நின்றது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அக்கா சுவரைப் பார்ப்பாள், இவர் செருப்பைப் பார்ப்பார். வெளியே வீறாப்பு, உள்ளுக்குள் மனிதர் நொந்துபோயிருந்தார்.

கடைசியில் மனைவிதான் மேலும் கீழும் நடந்து சமாதானம் பேசினாள். "ஞாயித்துக்கிழமை உங்க அக்கா சாப்பிட வர்றாங்க. கதவிடுக்குல துளி புகை வந்தாலும் திரும்பிப் போயிடுவாங்களாம். அப்புறம் உங்க சாமர்த்தியம்."

வியாழக்கிழமையே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். புகை கசியாமலிருக்கக் கதவைச் சுற்றிப் பதித்து, இற்றுப்போயிருந்த பழைய கயிற்றைப் பிய்த்தெறிந்தார். கட்டி தட்டிப்போன கொழுப்பையும் கரியையும் பட்டிக் கத்தியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தார். சுரண்டச் சுரண்ட, பெட்டியின் அடியில் மூன்று ஓட்டைகள் பல்லிளித்தன.

"அடப்பாவி, இங்கயும் கசிஞ்சிருக்கா" என்று முனகிக்கொண்டே இடுக்கை அடைக்கும், சூடு தாங்கும் சீலன்ட் பசை டியூபை எடுத்தார். கதவு விளிம்பில் சீராக ஓட்டி, புதுக் கயிற்றைப் பதித்தார். மிச்சத்தை மூன்று ஓட்டைகளிலும் திணித்து விரலால் வழித்துவிட்டார். காய்கிற வரைக்கும் யாரையும் அண்டவிடவில்லை.

ஞாயிறு காலை கரியைப் பற்றவைத்து, கறியை அடுக்கிக் கதவைச் சாத்தினார். இடுக்கில் ஒரு இழை புகை இல்லை. பெருமை பிடிபடவில்லை; பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். புகைபோக்கியிலும் புகை இல்லை என்பது அந்தப் பெருமையில் மண்டையில் ஏறவில்லை.

மதியம் அக்கா வந்தாள். உட்காராமல் பெட்டியையே பார்த்தாள். "பரவாயில்லையே. புகையே காணோம்."

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு. பிளம்பர் மிடுக்காகக் கதவைத் திறந்தார். கறி வைத்தது வைத்தபடி பச்சையாகக் கிடந்தது. நெருப்பு எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "அடியில இருக்கிற ஓட்டையை எதுக்குடா அடைச்ச? நெருப்புக்குக் காத்து வேணாமா?"

"கசிவுன்னு நினைச்சேன்கா."

"இத்தனை நாளும் அது அடைச்சுப்போய், கதவிடுக்குல காத்து வாங்கித்தான் எரிஞ்சிருக்கு. ரெண்டையும் மூடினா எப்படி எரியும்? நீயெல்லாம் ஒரு பிளம்பர்."

"தப்புதான்கா" என்றார். பிறகு, "அன்னிக்கும் என் மேலதான் தப்பு" என்றார்.

அக்கா அவர் சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை உருவி, மூன்று ஓட்டைகளையும் தானே குத்தித் திறந்தாள். "பத்தவை. வேக எவ்வளவு நேரமாகும்?"

"ஆறு மணி நேரம் ஆகும்கா" என்றார், தரையைப் பார்த்தபடி. திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமா உன்னைத் திட்டாம சேர்த்து வச்சிருக்கேன். ஆறு மணி நேரம் பத்துமான்னு தெரியல. நீயும் உக்காரு."