அம்மாமார் பார்க்கக் கூடாத நடனம்

“…வியர்வை மணம்தான் இல்லை. நாலு மணித்தியாலம் ஆடின பிள்ளையின்ரை சட்டை வேறை என்னத்தை மணக்கும், நீயே சொல்லு,” என்றபடி என் வேலைத் தோழி ஒரு கறுப்புச் சட்டையை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

அது அவளுடைய மகளின் சட்டை. பொலித்தீன் பையில் சுற்றி, மதியச் சாப்பாட்டோடு வேலைக்குக் கொண்டுவந்திருந்தாள். நாங்கள் இருவரும் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில், ஹோட்டல் துணிகளை வெளுக்கும் ஒரு லோண்டரியில் பதினொரு வருடமாக ஒரே மேசையில் நிற்கிறோம். அவள் எல் சல்வடோர்க்காரி. நான் யாழ்ப்பாணத்தாள். எங்களுக்கு நடுவில் இருப்பது அரைகுறை ஆங்கிலம். அதைத்தான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் வேலை, மெஷினுக்குப் போகுமுன் கறைபட்ட துணிகளைப் பிரித்துப் போடுவது. வைன் ஒரு பக்கம், இரத்தம் ஒரு பக்கம், உதட்டுச் சாயம் ஒரு பக்கம். சில விரிப்புகளைத் தூக்கிப் பிடித்து, “இதுக்கு வாய் ஒண்டுதான் குறை,” என்பாள் அவள். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போய், வீட்டில் கறிச்சட்டி அடிப்பிடித்தாலும் அதையே சொல்லித் திரிந்தேன்.

சட்டையை மணந்தேன். இருமல் மருந்து போல ஓர் இனிப்பு. அதற்குக் கீழே பழவாசனைப் புகை. நெஞ்சுப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கறை. ஹோட்டலில் இருந்து வந்த துணியாக இருந்தால், இருவரும் யோசிக்காமல் அதை வைன் குவியலில் எறிந்திருப்போம்.

தோழியின் ஆட்களிடம் பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைவதை ‘கின்ஸே’ என்று கொண்டாடுவார்கள். எங்கள் சாமத்திய வீடு மாதிரித்தான்: ஹோல், லிமோசீன், கதவுக்குள் நுழையாத ஒரு கவுண். இந்த வருடம் தோழியின் மகளுக்கு அது. பிறந்தநாள்காரியோடு ஏழு சோடிப் பிள்ளைகள் வால்ட்ஸ் ஆட வேண்டும். அவளின் வகுப்புத் தோழி என்பதால் அந்த ஏழு பெட்டைகளில் என் மகளும் ஒருத்தி. சனிக்கிழமைகளில் மத்தியானம் ஒத்திகை. வால்ட்ஸ் முடிந்த பிறகு இன்னொரு நடனம் இருக்கிறது, சர்ப்ரைஸ் டான்ஸ். அதை விழா நாள் வரைக்கும் வீட்டுக்காரருக்குக் காட்டக் கூடாது. அதனால், ஒத்திகை நடக்கும் பக்கம் அம்மாமார் வரவே கூடாது என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்.

நாங்களும் மரியாதையாகத் தள்ளி நின்றோம். பெண்பிள்ளையின் சடங்குக்கு நாலு மாதம் ஒத்திகை பார்ப்பது எனக்குப் புதினமாகவே படவில்லை. எங்கள் ஆட்கள் அதற்கு மேலும் செய்வார்கள்.

“உன்ரை மகளின்ரை உடுப்பையும் மணந்து பார்,” என்றாள் தோழி.

அன்று வேலை முடிந்து வந்து, மகள் ரியூஷனுக்குப் போன நேரம் அவளுடைய ஊத்தை உடுப்புக் கூடையைக் கவிழ்த்தேன். சனிக்கிழமை போட்ட சட்டையில் சோப் மணம் மட்டும்தான். எனக்கு வந்தது நிம்மதி என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அது பெருமை. என் பிள்ளை சுத்தம், அப்படியானால் பிழை அந்தப் பக்கம். தோழியின் மகளின் நீள நகமும், போனைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும், கதவை மூடின பிறகும் கேட்கும் சிரிப்பும் எல்லாம் எனக்குச் சாட்சியாகிவிட்டன. இந்தச் சேர்க்கையில் இருந்து என் மகளை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதே அந்தக் கிழமை முழுக்க என் யோசனை. தோழியிடம், என்ரை பிள்ளையிலை ஒண்டும் மணக்கேல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் விரிப்புகளுக்குத் திரும்பினாள். அன்று மதியம் தன் சாப்பாட்டை வேறு மேசைக்குக் கொண்டுபோனாள்.

ஆனாலும் சனிக்கிழமை பின்னால் போய்ப் பார்ப்போம் என்று கேட்டவளும் அவள்தான். பிள்ளைகளை வழமைபோல டோனற் கடை வாசலில் இறக்கிவிட்டோம். அங்கிருந்து ஆடவரும் பையன் ஒருவனின் மச்சான் ஏற்றிப்போவான் என்பது ஏற்பாடு. ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவளுடைய பழைய வானில் அந்தக் காரைப் பின்தொடர்ந்தோம். கார் ஃபிஞ்ச் தெருவில் இருந்து திரும்பி, மரத்தளபாடக் கடைகளுக்குப் பின்னால், ஷட்டர் போட்ட ஒரு கிடங்கு யூனிற்றுக்கு முன்னால் நின்றது. பிள்ளைகள் பக்கத்துச் சின்னக் கதவால் உள்ளே போனார்கள். பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

அங்கேதான் பிழை விட்டோம். இறங்கவில்லை. உண்மையிலேயே ஒத்திகையாக இருந்தால் அந்த சர்ப்ரைஸைக் கெடுத்த பாவம் எங்களுக்கு வந்துவிடும் என்று, வானுக்குள் முக்கால் மணித்தியாலம் குந்தியிருந்தோம். தோழி ஸ்டியரிங்கில் தாளம் தட்டினாள். உள்ளிருந்து வந்த தாளம் அதோடு சேரவில்லை.

“இது வால்ட்ஸ் இல்லை,” என்றேன்.

“சர்ப்ரைஸ் வால்ட்ஸாய் இராது,” என்றாள். இருவரும் சிரித்தோம். அது நல்ல சிரிப்பில்லை.

ஆட ஏழு பையன்கள் போதும். உள்ளே போன பையன்களை நான் முப்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன். பிறகு தாடி வைத்த ஆம்பிளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கவேண்டிய வயதில். கடைசியில் ஒரு சின்னப் பெட்டை வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். சிவப்பாக. தோழி எனக்கு முதல் இறங்கி ஓடினாள்.

அந்தப் பிள்ளையைச் சுவரோடு சாய்த்து இருத்திவிட்டுச் சின்னக் கதவைத் தள்ளியதும், ஒரு மேசைக்குப் பின்னால் கையில் போனோடும் வருகிறவர்களின் கையில் முத்திரை குத்தும் கட்டையோடும் என் மகள் நின்றாள்.

தோழி அவளைக் கடந்து உள்ளே போனாள். நான் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரே இருட்டு, ஒரே புகை. தண்ணீர் வைக்கும் பெரிய கூலர் ஒன்றில் இருந்து, யார் கலந்தது என்று தெரியாத சிவப்புச் சாராயத்தைக் கப் கப்பாய் அள்ளிக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலும் தோழியின் பாஷை பேசும் பிள்ளைகள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற தாய் தகப்பனின் பிள்ளைகள். பகலில் நடப்பதால் ஒரு வீட்டுக்கும் சந்தேகம் வராது. இடம் எதுவென்று ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் போனில் வரும். இதெல்லாம் மகள் பிறகு சொன்னது.

தோழி தன் மகளைத் தாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு தாடிக்காரனின் மடியில் இருந்து இழுத்து வந்திருக்கிறாள். அந்தப் பிள்ளையின் கண் திறந்திருந்தது. ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. வானின் பின்சீற்றில் இருத்தினோம். என் மகளும் பின்னால் வந்தாள்.

“அம்மா, நான் குடிக்கேல்லை. ஒரு துளியும் இல்லை. ஐ ஜஸ்ற் டூ த டோர்.”

“ஆர் உன்னைக் கதவிலை விட்டது?”

“தமிழ்ப் பெட்டையிலை ஒருத்தரும் டவுட் படமாட்டினம் எண்டவங்கள்.” பிறகு, தோழியைப் பார்க்காமல், “அந்த சர்ப்ரைஸ் டான்ஸ் ஐடியாவும் என்ரைதான். அவளுக்கு வீட்டிலை பொய் சொல்லத் தெரியாது.”

கடைசி இரண்டு வசனத்தையும் அவள் தமிழில்தான் சொன்னாள். அதை ஆங்கிலமாக்கித் தோழியிடம் சொல்லவேண்டியவளும் நான்தான். ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னேன். புகைக்குள் நின்ற சட்டையை அவள் தோய்த்த பிறகுதான் கூடையில் போட்டிருக்கிறாள்; எத்தனை நாளாக என் மூக்குக்கு முன்னால் சுத்தமாகக் கிடந்தது என் வீட்டுச் சட்டை.

தோழி என் மகளுக்கு அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் மறித்திருக்க மாட்டேன். அவள் என் மகளின் தோளைப் பிடித்தாள்.

“உள்ளுக்குள்ளை எத்தினை பெட்டையள் இருக்கினம்?”

“இருபத்தாறு, அன்ரி.”

“எத்தினை பேர் குடிச்சிருக்கினம்?”

மகள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் 911ஐ அழைத்து, யூனிற் இலக்கத்தை இரண்டு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோழி தன் பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, “இப்பிடியே பிடிச்சுக்கொண்டிரு, மல்லாக்க விடாதை,” என்று என் மகளின் கையில் கொடுத்தாள். பிறகு திரும்பவும் சின்னக் கதவால் உள்ளே போய், மறிக்க வந்தவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு, ஷட்டரின் கொளுக்கியைத் தட்டி எடுத்து, வேலையில் லொறி வந்து நிற்கும்போது இழுக்கிற மாதிரியே, கைமாற்றிக் கைமாற்றிச் சங்கிலியை இழுத்து, வெயில் பின்சுவர் வரைக்கும் போய் விழும்படி அதை முழுக்கத் திறந்துவிட்டாள்.