சொன்னா கேக்காத ஸ்டாப்பர்

பாண்டிச்சேரி என்கிற பெயர் புதுச்சேரி என்று மாறிய வருஷத்துக் கடைசியில், முத்தியால்பேட்டை வெண்புறா கால்பந்துக் கழகம், கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்க ஒரு புது ஸ்டாப்பரைப் பிடித்துக்கொண்டு வந்தது. பெயர் ஆதிமூலம். சொந்த ஊர் பாகூர் பக்கம் குருவிநத்தம். ஆள் ஆறடிக்கு மேலே. ஊர் பஸ்ஸில் நின்றால் தலை கூரையில் இடிக்கும். சாய்த்துச் சாய்த்து நின்று பழகியதில், தரையில் நிற்கும்போதும் யார் பேச்சையோ உற்றுக் கேட்கிற மாதிரி கழுத்து ஒரு பக்கமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவனைத்தான் காது கேட்காதவன் என்று சொன்னார்கள்.

அவன் அப்பாவும் அம்மா அஞ்சலாட்சியும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் ஆதிமூலத்தினுடையது. பி.காம். பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியில் எடுத்த போட்டோவை அஞ்சலாட்சி சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாமிக்குக் காட்டிய கற்பூரத்தை அப்படியே மகனுக்கும் ஒரு சுற்று காட்டிவிட்டுத்தான் கீழே வைப்பாள். பட்டத்துக்கு ஏற்ற வேலை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுமா? டவுனில் ஒரு கூரியர் ஆபீஸில் சேர்ந்து, சைக்கிளில் தெருத் தெருவாகப் போய்க் கவர் கொடுத்துக்கொண்டிருந்தான். அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. சாயங்காலம் பந்து இருந்தது.

வருஷத் தொடக்கத்தில் பாகூர் பொங்கல் போட்டியில் அவன் ஆடியதை ஞாபகம் வைத்திருந்துதான் வெண்புறா செயலாளர் அன்பழகன் அவனைக் கேட்டார். முத்தியால்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். வெயிலோ மழையோ, குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக நின்றுதான் ஆட்டம் பார்ப்பார். "மூணு பிரெண்ட்லி மேட்ச் ஆடு தம்பி. அதுக்குள்ள உன்னை எடை போட்டுடுவேன். சரியா இருந்தா லீக்குக்கு நீதான் ஸ்டாப்பர்" என்றார்.

வீட்டில் இன்னொரு ஏற்பாடும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற மாமா, "பையனை அனுப்பி வை, சேர்த்துவிடறேன்" என்று சொல்லியிருந்தார். அப்பா யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னார்: "டவுன் டீம்ல வெச்சிக்கிட்டாங்கன்னா இந்த வருஷம் ஆடிக்கோ. இல்லன்னா மாமாகிட்ட கெளம்பிடு. அதுக்கப்புறம் பந்து கிந்துன்னு வாயைத் தொறக்கக் கூடாது." ஆதிமூலம் சரி என்று தலையாட்டினான். கம்பெனியில் ஷிப்டு மாற்றி மாற்றிப் போட்டால் பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

வெண்புறாவின் பின்வரிசை முழுக்க கோல் கீப்பர் சின்னக்கண்ணுவின் தொண்டையில்தான் ஓடியது. நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர். பகலில் லோடு ஆட்டோ ஓட்டுவார். அவர் குரல் கொடுத்தால் எதிர் டீம்காரனே ஒரு நொடி நின்றுவிடுவான்.

முதல் மேட்ச். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பந்து நீளமாக வந்து, ஆதிமூலத்துக்கும் கோலுக்கும் நடுவில் குதித்தது. அவன் திரும்பி ஓடினான். சின்னக்கண்ணு கோலை விட்டு முன்னால் பாய்ந்து வந்துகொண்டே கத்தினார்:

"லேசா!"

ஆதிமூலத்துக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. டவுன் ஆட்டம்னா டவுன் ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டான். குருவிநத்தத்தில் இந்த மாதிரி பந்துக்கு ஊரே சேர்ந்து அடி அடி என்று கூப்பாடு போடும். இங்கே பார், பூ மாதிரி தொடச் சொல்கிறார்கள். உள்ளங்காலால் லேசாக ஒரு தட்டு தட்டினான். பாய்ந்து வந்த சின்னக்கண்ணுவின் முழங்காலுக்குப் பக்கமாகப் போன பந்தை அவர் சறுக்கி விழுந்து கால் நுனியால் வெளியே தட்டிவிட்டார். எழுந்து ஒரு முறை முறைத்தார்.

இன்னும் லேசாகத் தட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது என்று ஆதிமூலம் மனசில் வாங்கிக்கொண்டான். அந்த வாரம் முழுக்க வீட்டுப் பின்பக்கம் சுவரில் பந்தை மெல்ல மெல்லத் தட்டிப் பழகினான். அஞ்சலாட்சி பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தாள். "இன்னாடா இது, பந்துக்கு வலிச்சிடப் போவுதுன்னு பாக்கறியா?"

இரண்டாவது மேட்சில் அதே மாதிரி பந்து வந்தது. அதே குரல், "லேசா!" ஆதிமூலம் பழகி வைத்திருந்த மொத்த லேசையும் காலில் இறக்கித் தட்டினான். முன்னால் ஓடி வந்த சின்னக்கண்ணு ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு போய்க் கோலுக்குள் நின்றது. சேம் சைடு கோல்.

"டேய், காது இன்னா அடைச்சிக்கினு இருக்குதா? அந்தக் கத்து கத்தறேன்!" சின்னக்கண்ணு கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"கேட்டுச்சிண்ணே. நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்? இதைவிட லேசா எப்பிடிண்ணே தட்றது?"

அவன் நிஜமாகத்தான் கேட்டான். ஆனால் டீமே அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டது. ரைட் பேக் நெடுமாறன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "பி.காம். படிச்சவரு இல்ல? வரவு யாரு, செலவு யாருன்னு குழம்பிட்டாரு. அவங்க கணக்குல ஒன்னு வரவு வெச்சிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். குடையைச் சுருக்கிக்கொண்டு அன்பழகன் வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஹைட்டு இருக்குது, ஹெட்டிங் இருக்குது, பயம் இல்ல. எல்லாம் சரி. ஆனா சொன்னா கேக்க மாட்டேன்றியே தம்பி. சொன்னா கேக்காத ஸ்டாப்பரை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஞாயித்துக்கிழமை உப்பளம் கிரவுண்டுல கடைசி மேட்ச். அதோட பேசிக்கலாம்."

கடைசிப் பஸ்ஸில் தலையைச் சாய்த்து நின்றபடி ஆதிமூலம் ஊருக்குப் போனான். ஓட முடியவில்லை, குதிக்க முடியவில்லை என்றால் மனசு ஆறும். சொன்னதைச் செய்ததற்குச் சொன்னதைக் கேட்கவில்லை என்கிறார்களே, இதற்கு என்ன பரிகாரம்? மாமாவுக்குப் போன் போட வேண்டியதுதான் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலையில் ஆபீஸில் கொடுத்த கவர்களில் ஒன்று முத்தியால்பேட்டைக்கு. பெயர் தையல்நாயகி, கணவர் பெயர் சின்னக்கண்ணு. அந்தக் கவரைக் கடைசியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். வேறு வழியில்லாமல், வீட்டில் அவர் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போய்ச் சைக்கிளை நிறுத்தினான்.

தையல்நாயகி அப்போதுதான் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கி வாசல் பக்கமாக வைத்திருந்தாள். "இரு தம்பி, கையைத் தொடைச்சிக்கினு வந்து கையெழுத்து போடறேன்" என்று திரும்புவதற்குள், அவள் மகள் துர்கா சட்டி மூடியை எடுக்கக் கையை நீட்டிவிட்டாள்.

"லெஸ்ஸே!" என்று ஒரு கத்து கத்தினாள் தையல்நாயகி.

குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. ஆதிமூலத்துக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. அதே வார்த்தை. கோலிலிருந்து வருகிற அதே குரல்தான், பெண் தொண்டையில் வந்தது.

"அண்ணி, இப்ப பாப்பாகிட்ட இன்னா சொன்னீங்க?"

"லெஸ்ஸேன்னேன்."

"லேசா தொடச் சொன்னீங்களா?"

"கொதிக்கிற சட்டியைப் புள்ளைகிட்ட லேசா தொடுன்னு சொல்லுவேனா நானு? நல்லாருக்குதே கதை! நீ எந்த ஊரு தம்பி? லெஸ்ஸேன்னா உட்டுடு. தொடாதே. கையை எடு."

ஆதிமூலம் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலில் ஒரு மாதிரி இருமல் வந்தது. பிறகு அது சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வர வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து லுங்கியை இறுக்கிக்கொண்டே சின்னக்கண்ணு வந்தார்.

"இன்னாடா, கிரவுண்டுல நக்கல் பண்ணது போதாதுன்னு வூட்டுக்கே வந்துட்டியா?"

ஆதிமூலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். பொங்கல் போட்டியில் தங்கள் ஊர்ப் பையன்கள் எப்படிக் கத்துவார்கள், தான் லேசா என்று கேட்டது, வாரம் முழுக்கச் சுவரில் பழகியது, அம்மா கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னான். சின்னக்கண்ணு கேட்டுக்கொண்டே நின்றார். முகத்திலிருந்த கோபம் மெல்ல இறங்கியது.

"அடப்பாவி. அப்ப நீ மட்டும்தான்டா நான் சொன்னதை அப்பிடியே கேட்டிருக்கே" என்றார். "சின்ன வயசுலேருந்து கத்திக்கினு இருக்கேன். இங்க பொறந்தவனுங்களுக்குத் தெரியும். வெளியிலேருந்து வந்தவனுக்குச் சொல்லணும்னு தோணவே இல்ல பாரு."

தையல்நாயகி அவனைச் சாப்பிடாமல் விடவில்லை. நெத்திலிக் குழம்பை ஊற்றி, "இதை லேசா சாப்பிடக் கூடாது, நல்லா அடிச்சிச் சாப்பிடணும்" என்றாள். தன்னைக் கோல் வாங்க வைத்தவனைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, மீன் துண்டைத் தள்ளிவிட்ட சின்னக்கண்ணுவை ஆதிமூலம் நிமிர்ந்து பார்க்க முடியாமல் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் சின்னக்கண்ணு அவனை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார். அன்பழகன் முழுக்கக் கேட்டார்.

"அது பிரெஞ்சுய்யா. எங்க அப்பா காலத்து ஆட்டக்காரங்க சொல்றது."

"பிரெஞ்சா?" சின்னக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் அதை முத்தியால்பேட்டைப் பேச்சுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

"ஏய்யா, ஜூலை மாசம் உலகக் கோப்பை பைனல்ல பிரான்ஸ் தோத்ததுக்கு ரெண்டு நாளு ஆட்டோ எடுக்காம படுத்துக் கெடந்தியே, வாயில இருக்கற பிரெஞ்சு தெரியலியா உனக்கு?" என்று சொன்ன அன்பழகன், ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார். "புரியலன்னா கேட்டிருக்கணும் தம்பி. படிச்ச புள்ளை. வார்த்தை தெரியலன்றது வேற, ஸ்டாப்பருக்குத் தகுதி இருக்குதான்றது வேற. நாளைக்குப் பாத்துட்டுத்தான் சொல்வேன்."

அதுவும் நியாயம்தான் என்று ஆதிமூலத்துக்குப் பட்டது.

இரவெல்லாம் மழை. உப்பளம் மைதானம் காலையில் சொதசொதவென்று கிடந்தது. எதிரே நெல்லித்தோப்பு டீம். வெண்புறா ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆதிமூலம் தலையால் தட்டி அனுப்பினான், காலை நீட்டிப் பந்தைப் பறித்தான். ஆனால் அவன் காது மட்டும் பின்னாலேயே இருந்தது. லெஸ்ஸே என்று வந்தால் விட்டுவிட வேண்டும். லெஸ்ஸேன்னா உட்டுடு. மனசுக்குள் பாடம் மாதிரி சொல்லிக்கொண்டான்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் அந்தப் பந்து வந்தது. உயரமாக வந்து சேற்றில் விழுந்து நின்று நின்று உருண்டது. பின்னால் நெல்லித்தோப்பு பார்வர்டு மூச்சிரைக்க ஓடி வருகிறான். ஆதிமூலம் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினான்.

சின்னக்கண்ணு மட்டும் இரவெல்லாம் யோசிக்காமலா இருந்திருப்பார்? புதுசாகக் கற்ற வார்த்தை பையனுக்கு அவசரத்தில் மறந்துவிடும், அவன் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிடுவோம் என்று அவர் முடிவு பண்ணி வைத்திருந்தார். ஆதிமூலத்திடம் சொல்லத்தான் மறந்துபோனார்.

"உடு!" என்று கத்தினார்.

குருவிநத்தத்து மைதானத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கால் முன்னால் பந்து இருக்கும்போது ஊரே சேர்ந்து, "உடுடா ஒன்னு!" என்று கத்தும். ஆதிமூலத்தின் மூளை லெஸ்ஸேயைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் கால் தாய்மொழியைக் கேட்டுவிட்டது. விட்டான் ஒரு விடு. பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், காம்பவுண்டு சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. வெளியே எவனோ பிரேக் போட்டுத் திட்டுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்த பிறகுதான் ஆதிமூலத்துக்கு உறைத்தது. உடுன்னா விடு இல்லையா? மறுபடியும் சொன்னதைக் கேட்காமல் போனோமா? சின்னக்கண்ணு பாதி வழியில் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கோல் காலியாகத் திறந்து கிடந்தது.

விசில் அடித்து ஆட்டம் முடிந்ததும் அன்பழகன் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"யோவ் கண்ணு, நீ இன்னா சொன்னே?"

"உடுன்னேன்."

"அடின்னா, உட்டுடுன்னா?"

சின்னக்கண்ணு தொடையில் அப்பியிருந்த சேற்றை வழித்தார். அடின்னுதான் சொன்னேன் என்று அவர் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சேற்றில் உட்கார்ந்ததும் மழைக் கணக்கில் போயிருக்கும்.

"உட்டுடுன்னுதான் சொன்னேன். நான் சொன்னதுதான் தப்பு. வழுக்கி உழுந்துட்டேன். அவன் என் பேச்சைக் கேட்டு நின்னிருந்தான்னா கோலு."

ஆதிமூலம் அவரைத் திரும்பிப் பார்த்தான். கீப்பரின் வயசைப் பற்றி டீமில் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருப்பது அவனுக்குத் தெரியும்.

"நீ இன்னாப்பா கேட்டே?" என்றார் அன்பழகன்.

"உடுன்னாரு. ஒன்னு உட்டேன்."

முதலில் சிரித்தவன் நெடுமாறன்தான். அன்பழகன் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு கழகத்தின் கடைசி மதிப்பீட்டைச் சொன்னார்:

"நான் மொதல்லயே சொன்னேன் இல்ல, இவன் சொன்னா கேக்க மாட்டான்னு. இருக்கட்டும். இவன்தான் ஸ்டாப்பர். நீங்க ரெண்டு பேரும் மொதல்ல ஒரு பாஷையை முடிவு பண்ணுங்க."

பாஷை லெஸ்ஸே என்றே முடிவாயிற்று. அந்த லீக் முழுக்க சின்னக்கண்ணு கத்தினார், ஆதிமூலம் விட்டான். நன்றி என்று வாயால் சொல்ல அவனுக்குக் கூச்சம். ஊரில் மல்லாட்டைச் செடி பிடுங்கியபோது ஒரு பை நிறைய பச்சைக் கடலையாகக் கொண்டுபோய், கூரியர் கொடுப்பது மாதிரியே வாசலில் நின்று, "அண்ணி, உங்களுக்குத்தான். கையெழுத்து வேணாம்" என்று கொடுத்துவிட்டு வந்தான். ஒவ்வொரு வருஷமும் அது நடந்தது.

கடைசி மேட்ச் முடிந்த அன்று உப்பளத்திலிருந்து சேற்றுக் காலோடு வீட்டுக்குப் போனபோது அஞ்சலாட்சி அடுப்படியில் இருந்தாள். வெச்சிக்கிட்டாங்கம்மா என்று அவன் சொன்னதும், சந்தோஷத்தில் வெறும் கையாலேயே கொதிக்கிற சோற்றுப் பானையைப் பிடித்து வடிக்கப் போனாள்.

"லெஸ்ஸேம்மா!" என்று கத்தினான் ஆதிமூலம்.

"லேசாத்தான்டா தொடறேன்" என்றாள் அஞ்சலாட்சி.