பத்தடி முன்னே வைத்த பந்து

‘ஆட்டம் அமைதியாக முடிந்தது’ என்கிறது காணும் பொங்கல் தேதியிட்ட நடுவர் அறிக்கை. போட்டிக் குழுவின் பதிவேட்டை எழுதுகிறவன் என்ற முறையில் நான்தான் அதைக் கோப்பில் சேர்த்தேன். நடந்தது வேறு.

கள்ளக்குறிச்சியில் கால்பந்து இறுதி ஆட்டம். நகர அணியும் மலைமேல் இருக்கும் கரியாலூர் அணியும் மோதின. வழக்கப்படி ஆட்டத்துக்கு முன் நகர அணித் தலைவர் நடுவருக்குச் சால்வை போர்த்தி, காலையும் தொட்டு வணங்கினார். கடைசி நிமிடம், சமநிலை. நடுவர் கரியாலூருக்கு ஃப்ரீ கிக் கொடுத்ததும் அதே தலைவர், "யோவ், கண்ண வூட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்றார். தொலைக்காட்சியில் கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்கள் செய்வதும் இதுதான்; அவர்கள் சால்வைச் செலவு மட்டும் செய்வதில்லை.

ரக்பியில் மலைபோன்ற ஆட்கள் நடுவரை ‘சார்’ என்பார்கள், எதிர்த்துப் பேசினால் பந்து பத்து மீட்டர் முன்னே போகும் என்று முந்தைய நாள் டீக்கடையில் இந்த நடுவரிடம் சொல்லித் தொலைத்தவன் நான். அவர் பந்தைத் தூக்கிப் பத்தடி முன்னே வைத்தார்.

"இது இன்னா கணக்கு?"

இன்னும் பத்தடி.

"வுட்டா கோலையே தூக்கிக் குடுத்துடுவ போல!"

இப்படியே நகர அணியினர் பேசிப் பேசிப் பந்தைக் கோல் கோடு வரை கொண்டுவந்துவிட்டார்கள். கரியாலூர்க்காரர் கால் விரலால் தட்டிவிட்டார். கோப்பை மலையேறியது.

அதைத் திரும்பக் கேட்டு நகர அணி மனு கொடுத்திருக்கிறது. பதில் எழுத வேண்டியவன் நான். கால்பந்திலும் முன்பு எங்கோ இந்த விதியைச் சோதித்துக் கைவிட்டதாகப் படித்த நினைவு. எந்த நாடு, எந்த ஆண்டு என்பதை இன்னும் சரிபார்க்கவில்லை.