ஏணி மேல் கும்பிட்டவர்

நாகல் நகரில் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். அங்கே மினுக்கிக்கொண்டிருந்த டியூப்லைட் பட்டிகளில் சோக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. குழல் மாட்ட ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். நல்ல தொப்பை, நெற்றி நிறைய திருநீறு. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்று அம்மா என்னை ஏணி பிடிக்கச் சொன்னார்.

முதல் குழலை மாட்டியதும் அம்மா சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் வந்தது. எலக்ட்ரீசியன் ஏணி உச்சியிலேயே இரண்டு கையையும் விட்டுவிட்டு விளக்கைக் கும்பிட்டார். ஏணி ஆடியது.

"அண்ணே, ஒத்தக் கையால கும்பிடுங்க. விழுந்துறப் போறீங்க."

"வந்த வெளிச்சத்துக்கு டாட்டாவா காட்டச் சொல்ற? நீதான் பிடிச்சிருக்கேல்ல அப்பு."

"நான் விட்டுட்டா?"

"விட்டா ஒன் மேலதான விழுவேன். எனக்கென்ன."

மீதி விளக்குகளுக்கும் அப்படியேதான் கும்பிட்டார். நான் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போதும் அந்தியில் விளக்கைப் போட்டதும் அம்மா கும்பிடுகிறார். என் கைகள் மட்டும் ஏணியைத் தேடுகின்றன.