ஐஸுக்குத் தடையில்லை

எங்கள் படகுத்துறைக்கு மேலே, தகரக்கூரை போட்ட சின்ன மருத்துவமனையில் பைந்து லாஹாய் நர்ஸாக இருந்தார். ஆள் குள்ளம். பேச்சும் குட்டைதான், ஆனால் சுருக்கென்று தைக்கும்.

ராணுவம் ஆட்சியைப் பிடுங்கிய அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் தலைநகர் ஃப்ரீடவுனில் வாத்தியார், குமாஸ்தா, வங்கிக்காரர் என்று யாரும் வேலைக்குப் போகவில்லை. துப்பாக்கிக்காரனுக்கு ஊழியம் செய்வதில்லை என்று ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. பைந்துவும் அந்தக் கட்சிதான். ஆனாலும் மருத்துவமனைக் கதவை அவர் சாத்தவில்லை.

"சிஸ்டர், நீங்க மட்டும் வேலைக்குப் போறது நல்லாவா இருக்கு?" என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"உன் பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம், சொரீ?"

"எட்டு."

"அடுத்த மாசம் வந்து இதையே கேளு."

பிறகு பொருளாதாரத் தடை வந்தது. அக்கரையில் லுங்கி என்ற ஊரிலிருந்த விமான நிலையம், ராணுவ ஆட்சியை எதிர்த்து வந்த அண்டை நாடுகளின் அமைதிப்படை கையில் இருந்தது. அவர்களுடைய கப்பல்கள் கடலை மறித்து நின்றன. முதலில் அரிசி காணாமல் போனது, அடுத்து பெட்ரோலும் மண்ணெண்ணெயும். ராணுவ ஆட்சியை மடக்கத்தான் தடை என்றார்கள். ராணுவத்தின் ஜீப்புகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. நாங்கள் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

டிசம்பர் வறட்டுக் காற்றோடு தட்டம்மை வந்தது. எங்கள் வீட்டு வரிசையிலேயே இரண்டு குழந்தைகளைப் புதைத்தோம். தடுப்பு மருந்து பைந்துவிடம் இருந்தது. அதைக் கெடாமல் வைத்திருந்த குளிர்பெட்டி மண்ணெண்ணெயில் ஓடுவது. கேனில் மூன்று நாளுக்குத்தான் மண்ணெண்ணெய் மிச்சம்.

இது எப்படியோ ராணுவத்தின் காதுக்கு எட்டியது. ஒரு கேப்டன் வந்தான், மரியாதையாகத்தான் பேசினான். "ரெண்டு பீப்பாய் மண்ணெண்ணெய் இறக்கித் தர்றேன் சிஸ்டர். நர்ஸுங்க எல்லாம் எங்க அரசாங்கத்தை ஏத்துக்கிட்டு வேலைக்குத் திரும்பிட்டாங்கன்னு ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் வேலையை விட்டுப் போனாத்தானே திரும்பறதுக்கு? உங்களுக்கு முன்னாடியும் இங்கதான் இருந்தேன், உங்களுக்கு அப்புறமும் இருப்பேன். பீப்பாயை எடுத்துட்டுப் போங்க."

கேப்டன் போனதும் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "படகை எடு. லுங்கிக்குப் போகணும்."

எண்ணெய்க்கு ஒரு காலிக் கேனும், மருந்து ஏதாவது கிடைத்தால் வைக்க ஒரு காலி ஐஸ்பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். அக்கரையில் நைஜீரிய மேஜர் ஒருவர் எங்களை விசாரித்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "தடைன்னா தடைதான்மா. ஒரு சொட்டு எண்ணெய் அக்கரைக்குப் போகக்கூடாது. என் கையில ஒண்ணும் இல்லை."

"குழந்தை செத்தா யார் கையில இருக்கு?"

அவர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பைந்து எழுந்திருக்கவில்லை. கொதிக்கிற வெயிலில் மணல்மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் படையின் சமையற்கூடத்துக்கு ஒரு லாரி வந்தது. மீன் பெட்டிகளோடு பாளம் பாளமாக ஐஸ் இறங்கியது. பைந்து நேரே மேஜரிடம் போனார்.

"உங்க தடைப் பட்டியல்ல ஐஸ் இருக்கா?"

மேஜர் நிஜமாகவே காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்தார். "இல்லை."

"அப்போ எடுங்க."

"அக்கரை போறதுக்குள்ள பாதி உருகிடுமே!"

"மீதிப் பாதி போதும். தீர்ந்தா மறுபடி வந்து நிப்பேன்."

மேஜர் சிரித்துவிட்டார். பெட்டி நிறைந்தது.

எங்கள் துறையில் இரண்டு சிப்பாய்கள் காத்திருந்தார்கள். ஒருவன் மூடியைத் திறந்து பார்த்து, "அடடா, பீருக்கு ஆச்சு!" என்றான். பைந்து மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எதிரிகிட்ட போய்ட்டு வந்த உளவாளி நீ. எந்திரி!"

"சுட்டா எந்திரிக்க முடியாது. சுடலைன்னா எந்திரிக்க மாட்டேன். எது வேணும்னு சொல்லு."

துப்பாக்கியின் அடிக்கட்டையால் வாயில் இடித்தான். ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பிவிட்டு அவர் அப்படியே இருந்தார். நான் துடுப்பைப் பிடித்தபடி நின்றேன், ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் அது என் நெஞ்சை அறுக்கிறது. கடைசியில் மற்ற சிப்பாய்தான், "விடுடா, பைத்தியம்," என்று அவனை இழுத்துக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலமே, மருந்தை ஐஸுக்குள் வைத்துவிட்டு, வீங்கிய வாயோடு, குழந்தைகளுக்கு வரிசையாக ஊசி போட்டார். அதன் பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை லுங்கிக்குப் போனோம். ஒருதடவை கப்பலிலிருந்து எங்கள் படகுக்கு முன்னால் தண்ணீரில் சுட்டார்கள். இனி வரமாட்டேன் என்றேன். "சரி, துடுப்பைக் கொடு. நானே போய்க்கிறேன்," என்றார். அவருக்குத் துடுப்புப் போடவே தெரியாது. நான்தான் போனேன்.

பிப்ரவரியில் அமைதிப்படை நகரத்துக்குள் வந்தது. நான்கு நாள் குண்டுமழை. ராணுவம் ஓடியது. ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். மறுநாளே, ராணுவ ஆட்சிக்கு வேலை பார்த்தவர்களைத் தேடிக் கூட்டம் கிளம்பியது. மருத்துவமனை வாசலுக்கும் வந்தது. முன்னால் நின்றவன் தச்சன் தாம்பா, கையில் பெட்ரோல் கேன்.

"துரோகி, வெளியே வா!"

பைந்து வந்தார். "ஆமா, ஒருநாள் விடாம வேலை செஞ்சேன். யாருக்குச் செஞ்சேன்னு உன் வீட்டுல போய்க் கேளு, தாம்பா."

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. அவன் மனைவி கும்பா இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "இது மூச்சு விடுதுன்னா யாரால? கேனைக் கீழ வைடா!" அடுத்து இன்னொருத்தி வந்தாள். அப்புறம் துறையின் தாய்மார் எல்லோரும் வாசலை அடைத்து நின்றார்கள். கூட்டம் கரைந்தது.

ராணுவம் விரட்டியிருந்த பழைய அரசாங்கம் திரும்பி வந்தது. ஏப்ரலில் அது, சட்டவிரோத ஆட்சியின்போது பணிக்கு வந்தது ஏன் என்று விளக்கம் கேட்டுப் பைந்துவுக்குக் கடிதம் அனுப்பியது. "அம்மை வேலைநிறுத்தம் செய்யவில்லை" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதிலாக, உள்நாட்டில் எங்கோ ஒரு மூலைக்கு இடமாற்ற உத்தரவு வந்தது.

"போகமாட்டேன்னு போய்ச் சொல்லு," என்றார், உத்தரவைக் கொண்டுவந்த ஆளிடம். பிறகு அவன் காலில் சீழ் பிடித்திருந்த புண்ணைப் பார்த்தார். உட்காரவைத்து, கழுவி, கட்டுப்போட்டு, "வெள்ளிக்கிழமை மறக்காம வா, இங்கதான் இருப்பேன்," என்று அனுப்பினார்.